கம்பியின் தொடக்க நிலையை மாற்றியவர்

பெயர்: சிவராசா யதுர்ஷிகா. வயது: 17. தொழில்: உயர்தர மாணவி, தொழினுட்பப் பிரிவு. முகவரி: குளத்தடிக் குடியேற்றம், கனகராயன்குளம்.

நான் மேற்படி முகவரியில் எனது சித்தப்பா யோகநாதனின் வீட்டில் வசித்து வருகிறேன். எனது தந்தை இறந்துவிட்டார். தாய் குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். இன்று ஞாயிற்றுக்கிழமை பொலிசார் வந்து சித்தி சுகந்தினியிடம் வாக்குமூலம் எழுதியபோது நான் தேநீர் கொண்டுபோய்க் கதவடியில் நின்று கேட்டேன். அதே முறையில் இதை எழுதுகிறேன். எல்லோரும் படுத்த பிறகு போர்வைக்குள் போன் வெளிச்சத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும்.

எங்கள் கச்சான் கடலைத் தோட்டத்துக்கு யானை வருவதால் சித்தப்பா சுற்றிவரக் கம்பி இழுத்து, அதற்கு மோட்டர் கொட்டிலில் இருந்து நேரடியாக மின்சாரம் கொடுத்திருந்தார். மின்சாரம் கசிந்தால் தானாக விழுந்து நிறுத்தும் ட்ரிப் சுவிச்சைத் தவிர்த்து வயர் இழுத்திருந்தார். இது சட்டப்படி பிழை என்பது எனக்குத் தெரியும். அதன் பின் நான் பாடசாலைச் செயற்றிட்டத்துக்காக ஓர் இணையச் செயலியைச் செய்தேன். கொட்டிலில் ஒரு சிறிய கணினி அட்டை இருக்கிறது. போனில் அதன் பக்கத்தைத் திறந்து கம்பிக்கு மின்சாரம் கொடுக்கவும் நிறுத்தவும் முடியும். கடவுச்சொல் எனக்கும் சித்தப்பாவுக்கும் மட்டுமே தெரியும்.

அந்தச் செயலியில் தொடக்க நிலை என்று ஓர் அமைப்பு உண்டு. மின்சாரம் போய்த் திரும்பி வந்து அட்டை மீண்டும் இயங்கத் தொடங்கும்போது கம்பி எப்படி இருக்க வேண்டும் என்பதை அதில் தெரிவு செய்யலாம். நிறுத்தியபடி, இயங்கியபடி என்று இரண்டு தெரிவுகள். நான் ‘நிறுத்தியபடி’ என்று வைத்திருந்தேன்.

சென்ற புதன்கிழமை பின்னேரம் சித்தப்பா என்னைக் கூப்பிட்டு, “பிள்ளை, மெயினை நிப்பாட்டிப்போட்டுத் திருப்பிப் போட்டா கம்பி தானா வேலை செய்யாதோ?” என்று கேட்டார்.

“செய்யாது சித்தப்பா. ஆராவது கம்பியில கை வச்சு நிக்கேக்க கரண்ட் வந்தா ஆள் செத்துப்போகும். அதுதான் நிறுத்தி வச்சிருக்கிறன்” என்றேன்.

“ஓகோ. எல்லாத்துக்கும் ஒரு கதை வச்சிருக்கிறாய். அதை எங்க மாத்திறது? காட்டு பாப்பம்.”

நான் அவருடைய போனில் அந்த இடத்தைக் காட்டினேன். மாற்றவில்லை. அவரும் அப்போது மாற்றவில்லை.

மறுநாள் காய்ச்சல் என்று நான் பாடசாலைக்குப் போகவில்லை. சித்தி சந்தைக்குப் போயிருந்தார். நான் வீட்டில் படுத்திருப்பதைச் சித்தப்பா மறந்திருக்க வேண்டும். தண்ணீர் குடிக்கக் குசினிக்குப் போனபோது யன்னலால் பார்த்தேன். அவர் போனில் எதையோ தட்டினார். அதன் பின் கொட்டிலில் இருந்த மெயின் சுவிச்சை நிறுத்தினார். அதன் பின் எங்கள் நாய் ஜிம்மியைச் சங்கிலியோடு கொண்டுபோய்ச் சங்கிலியின் நுனியைக் கம்பியில் கொளுவினார். ஜிம்மி வாலை ஆட்டிக்கொண்டு அவருடைய கையை நக்கியது. அதன் பின் அவர் திரும்பி வந்து மெயினைப் போட்டார். அட்டை எழும்பச் சற்று நேரம் எடுக்கும். அந்த நேரத்தில் ஜிம்மி குந்தி இருந்து காதைச் சொறிந்தது. அதன் பின் ஒரு தடவை கத்தி, நான்கு காலும் விறைத்து விழுந்தது. பாம்பு கடித்துச் செத்துவிட்டது என்று சித்தியிடம் சொன்னார். கொட்டிலுக்குப் பின்னால் உள்ள தேசி மரத்தின் கீழ், சங்கிலியைக் கழற்றாமலே குழி வெட்டித் தாட்டார்.

இந்த இடத்தில் எழுதுவதை நிறுத்தினேன். சித்தப்பா எழும்பித் தண்ணீர் குடித்தார். இப்போது திரும்பவும் படுத்துவிட்டார்.

நேற்று இறந்தவரான பொன்னையா எங்கள் பக்கத்துக் காணிக்காரர். மலைநாட்டுத் தேயிலைத் தோட்டத்தில் இருந்து வந்தவர். எங்கள் தோட்டத்திலும் கூலிக்கு வேலை செய்வார். அவருடைய மகள் நிரோஜா என்னுடன் படிக்கிறாள். சித்தப்பா எங்கள் வேலியை அவருடைய காணிக்குள் தள்ளிப் போட்டதால் அவர் பிரதேச செயலகத்தில் முறைப்பாடு கொடுத்திருந்தார். அளப்பதற்கு நில அளவையாளர் வரும் வாரம் வர இருந்தார். முறைப்பாடு கொடுத்த அன்று சித்தப்பா வாசலில் நின்று, “தோட்டக்காட்டானுக்கு என்னத்துக்கடா காணி?” என்று கத்தினார். பொன்னையா, “காடு வெட்டுனது நானுங்கய்யா. பெர்மிட்டும் என் பேருலதான் இருக்கு. அளந்து பார்த்துருவோம்” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

சனிக்கிழமை காலை சித்தப்பா அவரைக் கூப்பிட்டு, சமாதானமாகப் போவோம், வேலியைப் பழைய இடத்துக்கே மாற்றுவோம் என்று சொன்னார். பொன்னையா சந்தோசமாக வந்தார். மெயினைத் தன் கண்ணுக்கு முன்னால் நிறுத்தினால்தான் கம்பியைத் தொடுவேன் என்றார். சித்தப்பா அப்படியே நிறுத்திக் காட்டினார். நான் கொட்டிலுக்குப் பக்கத்துக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தேன். பொன்னையா செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஈர வரம்பில் இறங்கினார்.

சித்தப்பா கொட்டில் வாசலில் நின்று, “பொன்னையா, கம்பியைப் பிடிச்சிட்டியோ?” என்று கேட்டார்.

“புடிச்சிட்டேங்கய்யா. இழுக்கவா?”

“ரெண்டு கையாலயும் இழு.”

அதன் பின் மெயினைப் போட்டார். அட்டையின் பச்சை வெளிச்சம் எரிந்தது. அது எழும்ப எவ்வளவு நேரம் எடுக்கும் என்பது எனக்குத் தெரியும். நான் வாளியைப் போட்டுவிட்டு, “மாமா, கையை விடுங்கோ!” என்று கத்திக்கொண்டு ஓடினேன். பொன்னையா என்னைத் திரும்பிப் பார்த்து, “என்னம்மா?” என்றார். கையை விடவில்லை. அதன் பின் அவரால் விட முடியவில்லை.

நான் மெயினை நிறுத்தப் போனபோது சித்தப்பா என் பின்னலைப் பிடித்து இழுத்து என் முகத்தைச் சுவரோடு அழுத்தினார். முன்பல் ஒன்று உடைந்தது. கம்பியில் இருந்து வந்த சத்தம் எனக்குக் கேட்டது. மணமும் வந்தது. எல்லாம் நின்ற பிறகுதான் அவர் மெயினை நிறுத்தினார். அதன் பின் வெளியே ஓடி, “ஐயோ, ஓடியாங்கோ!” என்று சத்தம் போட்டார்.

அன்று பின்னேரம் என்னை அறைக்குள் விட்டு, பொலிசுக்கு நான் சொல்ல வேண்டியதைச் சொல்லித் தந்தார். அதாவது தண்ணீர் இறைக்கவே அவர் மெயினைப் போட்டார், பிள்ளை கம்பியை நிறுத்தி வைத்திருப்பாள் என்று நம்பினார், நான்தான் தொடக்க நிலையை மாற்றிப் பார்த்துவிட்டுத் திருப்பி வைக்க மறந்துவிட்டேன். பிழையாகச் சொன்ன ஒவ்வொரு தடவையும் தண்ணீர்க் குழாயால் அடித்தார். பாடசாலை வெள்ளைச் சட்டை மறைக்கிற இடங்களில் மட்டும் அடித்தார். சித்தி தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டினார்.

“நீ பள்ளிக்கூடப் பிள்ளை. உன்னை ஒண்டும் செய்யமாட்டாங்கள். என்னைப் பிடிச்சா இந்த வீடே இல்லை. கொம்மா குவைத்தில. பிறகு எங்க போய் நிப்பாய்?” என்றார்.

நான் சரியாகச் சொல்லிக் காட்டியதும் குழாயைச் சுருட்டி ஆணியில் மாட்டிவிட்டு, “கெட்டிக்காரி. போய்ச் சாப்பிடு” என்றார்.

பொன்னையாவின் சவப்பெட்டியைச் சித்தப்பாதான் மாங்குளத்தில் எடுத்துக் கொடுத்தார். நாளை காலை முதலில் செத்தவீட்டுக்கும் அங்கிருந்து பொலிசுக்கும் என்னைக் கூட்டிக்கொண்டு போவார். செத்தவீட்டில் நிரோஜாவைக் கட்டிப்பிடித்து அழும்போது இதை அவளுடைய கைக்குள் வைப்பேன். அவள் இதை வாசித்துப் பொலிசாரிடம் கொடுப்பாள். நான் கத்தியதால்தான் அவளுடைய அப்பா திரும்பிப் பார்த்தார் என்பதையும் வாசிப்பாள். அதற்காக அதை எழுதாமல் விடவில்லை.

நாளை சித்தப்பா பக்கத்தில் இருக்கும்போது நான் அவர் சொல்லித் தந்தபடியே சொல்வேன். அதன் கீழ் கையெழுத்தும் வைப்பேன். ஆகவே ஐயா, என்னைக் கேட்பதற்கு முன் தேசி மரத்தின் கீழ் தோண்டுங்கள். ஜிம்மி செத்ததை நான் பார்த்தது அவருக்குத் தெரியாது. பாம்பு கடித்த நாயின் கழுத்தில் சங்கிலி பட்ட இடம் கருகாது. அதைத் தோண்டி எடுத்த பிறகு, என்னைத் திரும்ப அந்த வீட்டுக்கு அனுப்பாமல் வைத்துக்கொண்டு கேளுங்கள்.

எவரும் சொல்லித் தராமல், நான் கண்டதையும் கேட்டதையும் மட்டும் இதில் எழுதியிருக்கிறேன். திரும்ப வாசித்துப் பார்த்தேன். எல்லாம் உண்மை.

சி. யதுர்ஷிகா