மீதமிருந்த இரண்டு நாடுகள்

என் பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி சரி. வயது முப்பத்தாறு. பேருந்து நிலையத்தை ஒட்டிய பணமாற்றுக் கடையில் கவுண்டரில் வேலை செய்கிறேன். இறந்தவர் எனக்கு உறவினர் அல்ல. அவர் பெயர் தெரியாது. கடையில் நாங்கள் அவரைச் சிரிப்புக்காரர் என்போம்.

அவர் கட்டட வேலை செய்தவர். சம்பளம் வாங்கியதும் வந்து அதைத் தன் நாட்டுப் பணமாக மாற்றி, ஊருக்குப் போகிறவர்களிடம் கொடுத்தனுப்புவார். சிறு தொகை என்பதால் பெயரோ அடையாள அட்டையோ கேட்பதில்லை; ரசீதில் பணத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டை மட்டுமே அடிப்போம். வழக்கமாக அதன் முதல் இரண்டு எழுத்துகளே எந்த நாடு என்று காட்டிக்கொடுத்துவிடும். அவருடைய பணம் எட்டு நாடுகளுக்குப் பொதுவானது என்பதால் குறியீடு எக்ஸ் என்று தொடங்கும், நாடு தெரியாது. நோட்டிலும் நாட்டின் பெயர் இல்லை.

நான் முதல் தடவை எந்த நாடு என்று கேட்டதற்கு அவர் இங்கே பழகிய தமிழில், "எட்டுல ஒண்ணு, கண்டுபிடி தங்கச்சி. சரியாச் சொன்னா டீ என் செலவு" என்றார். அதன் பிறகு அவர் வரும்போதெல்லாம் ஒரு நாட்டைச் சொல்வேன். தப்பு என்றால் கண்ணாடியைத் தட்டிச் சிரிப்பார்; டீ நான் வாங்கித் தர வேண்டும். ஒரே மூச்சில் எட்டையும் சொல்லியிருக்கலாம். அந்தச் சிரிப்புக்காகவே இழுத்தடித்தேன். ஆறு நாடுகள் தப்பாகிவிட்டன.

அதன் பிறகு நேற்று காவலர் ஒருவர் கடைக்கு வந்து, சாரத்திலிருந்து விழுந்து ஒருவர் இறந்துவிட்டதாகவும், கைப்பேசி நொறுங்கிவிட்டதாகவும், மேஸ்திரிக்கு அவரைப் பற்றி ஒன்றும் தெரியவில்லை என்றும், சட்டைப்பையில் எங்கள் ரசீதும் நோட்டுகளும் மட்டுமே இருந்ததாகவும் சொல்லி என்னைப் பிணவறைக்கு அழைத்துப் போனார். அதன் பிறகு முகத்தைப் பார்த்து அவர்தான் என்று சொன்னேன். நகங்களில் சிமெண்ட் அப்படியே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன் பிறகு எந்த நாட்டுத் தூதரகத்துக்கு எழுதுவது என்று ஆய்வாளர் கேட்டார். மீதி இரண்டு நாடுகளையும் சொன்னேன். "ஏதாவது ஒண்ணச் சொல்லும்மா. அவங்க இல்லைன்னுட்டா நாங்களே அடக்கம் பண்ணிடுவோம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். அந்த நோட்டு எட்டு நாட்டிலும் செல்லும். அவர் போய்ச் சேர வேண்டியது ஒரு வீட்டுக்கு.

இரண்டு நாடுகளுக்கும் எழுத வேண்டும், பதில் வரும்வரை அடக்கம் செய்யக் கூடாது என்று கேட்டுக்கொள்கிறேன். கேட்க நீ யார் என்றால், அவர் என்னைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டார். தொடக்கத்தில் உறவினர் அல்ல என்று நான் சொன்னதை அடித்துவிடச் சொன்னேன். எழுதியதை அடிக்க முடியாது என்றார்கள். ஆகவே இதையும் சேர்த்து எழுதச் சொன்னேன். படித்துக் காட்டினார்கள், நான் சொன்னபடியே இருக்கிறது, எல்லாம் உண்மை. அந்த ஒரு வரியைத் தவிர.

(ஒப்பம்)