பூட்டிய வீட்டுக்குள் ஒருவர்

அவைக்குத் தலைமையேற்ற ஆசிரியை அம்மையார் அவர்களே, என்னைவிட மூத்தவர்கள் இங்கே இரண்டே பேர், அந்தப் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு அவசரமாய் ஓடிவந்த தாய்மார்களே, வணக்கம்!

எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் நம் உதவி மன்றத்தின் சோற்றை, நடமாட முடியாதவர்கள் வீட்டுக்கு இருபது வருடம் சுமந்த தோள் இது. எந்தப் படி உடைந்தது, எந்தக் கதவு இறுகும், எந்த வீட்டில் உப்பு ஆகாது, கேளுங்கள், சொல்கிறேன். என்னம்மா, உன் வீடா? உன் வீட்டு அழைப்புமணி ஒன்பது மாதமாக ஊமை!

வெள்ளம் வந்த காலை. படகில் பட்டியலோடு செயலாளர் தம்பி, பக்கத்தில் நான். பூட்டிய வீடென்றால் ஆள் வெளியேறிய வீடு, அதுதான் அன்றைய முறை. நம் பழைய பஸ் கண்டக்டர் வீட்டிலும் பூட்டு. பட்டியலில் 'டிக்' விழுந்துவிட்டது.

"தம்பி, படகைத் திருப்பு."

"பூட்டு தொங்குதே ஐயா, கண்ணு தெரியலையா?"

"அது அவர் சம்சாரம் விடியக்காலைல வேலைக்குப் போறப்போ போடுற பூட்டுப்பா. நடக்க முடியாத மனுஷன் உள்ள படுத்திருக்காரு. நான் சோறு குடுக்கறதே ஜன்னல் வழியாத்தான்!"

உடைத்தோம் பூட்டை! கட்டில் மூழ்கி, ஜன்னல் கம்பியைப் பிடித்தபடி கழுத்தளவு தண்ணீரில் இருந்தார். அப்போதும் என்ன கேட்டார் தெரியுமா? "என்னய்யா, இன்னிக்குச் சாப்பாடு லேட்டு?"

அவையோரே, அவரைக் காத்தது எது? பட்டியலா? பட்டியல் அவரைக் கைகழுவியது! காத்தது, நாள் தவறாமல் அந்த ஜன்னலுக்குள் நீண்ட கை!

இன்று ஒரு தீர்மானம் வருகிறது. வீடுவீடாகச் சோறு கொண்டுபோக ஆளில்லை, வேண்டியவர் மன்றத்துக்கு வரட்டுமாம். சரி. கண்டக்டர் தினமும் எப்படி வருவார்? அடுத்த வெள்ளத்தில் எந்த ஜன்னலைத் தட்டுவதென்று யாருக்குத் தெரியும்? எனக்கா? நான் இன்னும் எத்தனை நாள்! சிரிக்காதீர்கள், முழங்கால் ஏற்கெனவே விடுப்புக் கேட்கிறது.

ஆளில்லையா? மேடையில் ஏழு பேர் உட்கார்ந்திருக்கிறோமே! ஆளுக்கொரு தெரு, ஆளுக்கொரு சோற்றுத் தூக்கு! செயலாளர் தம்பி, கண்டக்டர் தெரு உனக்கு. அதோ, தலையாட்டிவிட்டார்! தட்டுங்கள் கையை!

முன்வரிசையில், இன்று மட்டும் நாலு பேர் தூக்கிவந்து சக்கர நாற்காலியில் உட்காரவைத்த கண்டக்டரே, சட்டைப்பையில் விசில் இருக்குமே? இரண்டு ஊதல் கொடுங்கள், வண்டி கிளம்பட்டும்!

கேட்டீர்களா விசிலை! கேட்டவர்க்கெல்லாம் நன்றி. நாளை கதவைத் தட்டப் போகிறவர்களுக்கு என் வணக்கம்!