மாப்பிள்ளைக்கு வாங்கிய கம்ப்ரெஸர்

கம்ப்ரெஸர் வாங்கப் போகிறவர்கள் முதலில் விலையைக் கேட்கிறார்கள். நான் காற்று போகும் ஓஸின் நீளத்தைக் கேட்பேன். பின்சக்கரம் வரை ஓஸ் எட்டாவிட்டால் மற்ற எதுவும் பயனில்லை.

வாக்குமூலத்தை எழுதித் தருகிறேன் என்று நானேதான் சொன்னேன். பேசினால் நீங்கள் நடுவில் கேள்வி கேட்பீர்கள். இதுவரை கேட்ட கேள்விகளில் ஒன்றைத் தவிர எதுவும் சரியான கேள்வி இல்லை.

என் பெயர் அந்தோணிராஜ். வயது அறுபத்திரண்டு. ஒண்டிப்புதூரில் சொந்த வீடு. ஒரு பம்ப் கம்பெனியில் இருபத்தொன்பது வருடம் பிரஷர் மீட்டர்களைச் சரிபார்க்கும் பிரிவில் இருந்தேன். வட்ட முகப்பில் முள் நகர்ந்து அழுத்தம் காட்டுமே, அந்த மீட்டர். அது பொய் சொல்கிறதா என்று கண்டுபிடிப்பது என் தொழில். ஓய்வு பெற்ற பிறகும் மில்களிலிருந்து ரிப்பேருக்கு வீடு தேடி வருகின்றன. மனைவி விமலாராணி ஈரோட்டில் அவள் தங்கை வீட்டில் இருக்கிறாள். பதினோரு வருடமாகிறது. அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

லின்சி என் ஒரே மகள். பிசியோதெரபி படித்தவள். அவள் கணவன் ஜேக். இறந்தவன் அவன்தான்.

ஜேக் நல்லவன் என்று உங்களிடம் எல்லோரும் சொல்லியிருப்பார்கள். உண்மைதான். குடிக்க மாட்டான். ஞாயிறு பூசைக்குத் தவற மாட்டான். நான் உள்ளே வந்தால் எழுந்து நிற்பான். அவனிடம் ஒரு குறை கண்டுபிடிக்க இரண்டு வருடம் முயன்றேன். கிடைக்கவில்லை. அதுவே எனக்கு வெறுப்பாக இருந்தது.

அவனிடம் உயரமான டயர் போட்ட பழைய ஜீப் ஒன்று இருந்தது. மாதம் ஒருமுறை சிநேகிதர்களோடு மண்பாதை, ஆற்றுமணல் என்று போவான். மண்ணில் இறங்குவதற்கு முன் டயரில் பாதிக் காற்றை இறக்கிவிடுவார்கள். டயர் பரந்து மண்ணைப் பிடிக்கும். திரும்பித் தார் ரோட்டில் ஏறும் இடத்தில் மறுபடி காற்றடிக்க வேண்டும். பாதிக் காற்றோடு வேகமாக வளைவில் திரும்பினால் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்துவிடும். அதனால்தான் கம்ப்ரெஸர்.

போன அக்டோபரில் ஒரு ஞாயிறு மதியம் இருவரும் சாப்பிட வந்தார்கள். ஜேக் கை கழுவிவிட்டு வந்து நின்றான்.

"மாமா, நியூசிலாந்துல வேலை கெடச்சிருக்குதுங்க. ஜனவரில ரெண்டு பேரும் கெளம்பறோமுங்க. எங்க ஜெனிதாக்கா அங்கதான இருக்கறாங்க, ஊடெல்லாம் பாத்துட்டாங்க."

"அப்பறம் எப்ப வருவீங்க?"

"வருசத்துக்கு ஒருக்கா வந்துருவோமுங்க."

லின்சி சிரித்தாள். "அப்பா, மூஞ்சிய அப்படி வெக்காதீங்க. நீங்க ரிப்பேருக்கு வாங்கற மீட்டராட்டவே இருக்குது."

அவன் சிரிக்கவில்லை. அவளை மட்டும் பார்த்தான். என் எதிரில் அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதில்லை.

பிறகு ஜேக் சொன்னான்: "போறதுக்குள்ள கடைசியா ஒரு ட்ரிப் போலாம்னு இருக்கறேனுங்க. வால்பாறைல எம் பிரண்டு எழிலோட சித்தப்பா எஸ்டேட்டு. இத்தன நாளு எழிலு கம்ப்ரெஸர வாங்கி ஓட்டிட்டேன். அது பொகஞ்சு போச்சு. ஒண்ணு வாங்கோணும் மாமா. எனக்கு அதுல ஒண்ணும் தெரியாதுங்க. நீங்களே பாத்துச் சொல்லுங்க."

நான் பார்த்துச் சொல்வதாகச் சொன்னேன்.

மூன்று வகை இருக்கிறது. சிகரெட் லைட்டர் துளையில் சொருகுவது காருக்குப் போதும். பெரிய டயருக்கு மாட்டினால் ஃப்யூஸ் போகும். தன்னிலேயே பேட்டரி வைத்தது ஸ்கூட்டருக்குச் சரி. மூன்றாவது, ஜீப்பின் பேட்டரியிலேயே இரண்டு கிளிப்பைக் கவ்வவிடுவது. அதில் இரட்டை சிலிண்டர் வேண்டும். நிற்காமல் எத்தனை நிமிடம் ஓடும் என்பதைப் பெட்டியில் போட்டிருப்பார்கள். மட்டமானது எட்டு நிமிடம். நல்லது நாற்பது.

உக்கடத்தில் ஜீப் சாமான்கள் விற்கும் ரசாக்கின் கடையில் நான்கு பெட்டிகளைப் பிரிக்கச் சொன்னேன். ஓட்டிப் பார்த்தேன். சிலிண்டரின் மேல் கை வைத்துச் சூடு பார்த்தேன்.

"ஏனுங்கண்ணா, மருமகனுக்கு இப்படித் தொட்டுத் தொட்டுப் பாத்து வாங்கற மாமனார நா பாத்ததில்லீங்க. எங்க மாமனாரு குடுத்த மிக்ஸி மூணாம் மாசமே கருகிப் போச்சு."

"பாதி வழில நின்னுறக் கூடாது பாய்."

"இது நிக்காதுங்க. உங்க மருமகன் குடுத்து வெச்சவரு."

நான் இருப்பதிலேயே நல்லதை எடுத்தேன். அதன் காரணத்தை நீங்கள் கேட்கவில்லை. மட்டமானது இரண்டாவது டயரிலேயே சூடேறி நின்றுவிடும். நின்றால் வேறு ஜீப்காரனை நிறுத்தி அவனுடையதை வாங்கி அடிப்பான். அவனுடைய மீட்டர் சரியாக இருக்கும்.

வீட்டுக்குக் கொண்டுவந்து ஓஸில் இருந்த மீட்டரைக் கழற்றினேன். முகப்பில் நூறு வரை எண்கள். உள்ளே இருந்த இயந்திரத்தை எடுத்துவிட்டு, அறுபது வரை காட்டும் மீட்டரின் இயந்திரத்தை வைத்தேன். முகப்பு பழையதேதான். காற்று இல்லாதபோது முள் பூஜ்யத்தில் நிற்கும். எந்தச் சந்தேகமும் வராது. தார் ரோட்டுக்கு வேண்டிய முப்பத்துமூன்றை முள் காட்டும்போது டயரில் இருபதுதான் இருக்கும். மூன்று முறை சோதித்தேன். மூன்று முறையும் இருபது. சுத்தமான வேலை.

வெள்ளிக்கிழமை மாலை கொடுத்தேன். ஜேக் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டான். கண் கலங்கியிருந்தது.

அவனிடம் ஒரு பழக்கம் இருந்தது. காற்றடித்த பிறகு ஒவ்வொரு டயரையும் குதிகாலால் ஓங்கி உதைத்துப் பார்ப்பான். அந்த ஜீப்காரர்கள் எல்லோரும் அப்படித்தான். காற்று குறைந்தால் கால் சொல்லிவிடும். அன்று வாசலில் வைத்து அதைப் பேசினேன்.

"இன்னும் ஒதச்சுத்தான் பாக்கறயா? மாட்டுச் சந்தைல பல்லுப் புடிச்சுப் பாக்கறவனாட்ட. இஞ்சினீரிங் படிச்சவன்தானே நீ?"

"பழகிப்போச்சுங்க மாமா."

"நா முப்பது வருசமா மீட்டரு பாக்கறவன். நா பாத்துக் குடுத்தத நீ கால்ல ஒதச்சுச் சரிபாப்பியா?"

அவன் முகம் சிவந்துவிட்டது. "ஐயோ, இல்லீங்க மாமா. இனிமேப் பண்ண மாட்டேனுங்க."

டேஷ்போர்டில் பேனா அளவில் ஒரு மீட்டர் வைத்திருந்தான். இனி அது எதற்கு என்று கேட்டேன். எடுத்து என் கையில் கொடுத்தான். மரியாதை தெரிந்த பையன். வேறு ஒருவனாக இருந்தால் இது நடந்திருக்காது.

மறுநாள் சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு லின்சி போன் செய்தாள்.

"அப்பா, நானும் போறேனுங்க. கடைசி ட்ரிப்பாம், வந்தே ஆகோணுமாம்."

"மலைல உனக்கு வாந்தி வருமே கண்ணு."

"மாத்திர போட்டுட்டேனுங்க."

அவளும் போவாள் என்று நான் நினைக்கவில்லை. அவர்கள் திரும்பி இறங்க இன்னும் எட்டு மணி நேரமாவது இருந்தது. போன் என் கையில்தான் இருந்தது.

"சரி. பெல்ட்டு போட்டுக்க அம்மணி. கழட்டவே கூடாது," என்றேன்.

அவள் உயிரோடு இருப்பது அதனால்தான். இதை டாக்டரே சொன்னார்.

எஸ்டேட் மண்பாதை முடியும் இடத்தில் ஜேக் ஜீப்பின் பின்னால் சாமான்களை இறுக்கிக் கட்டிக்கொண்டிருந்தான். ஓஸைப் பிடித்துக் காற்றடித்தது லின்சி. நாலு டயருக்கும் முப்பத்துமூன்று. சத்தமாகச் சொல்லிச் சொல்லி அடித்தாளாம். அவன் உதைத்துப் பார்க்கவில்லை. எழிலின் ஜீப்புக்கும் அதிலேயே அடிப்பதாக இருந்தது. அவன் சித்தப்பா வீட்டில் தங்கிவிட்டான். அவனுக்கு நல்ல நேரம்.

ஆழியார் பக்கம் இறங்கும்போது ஓர் இடது வளைவில் வலது முன்டயர் ரிம்மை விட்டு வந்தது. ஜீப் வலது பக்கம் கவிழ்ந்தது. ஓட்டுகிறவன் பக்கம். பொள்ளாச்சி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஜேக் இறந்தான். லின்சிக்குக் காறை எலும்பு மட்டும் முறிந்தது. வேகமாக வந்ததால் விபத்து என்று அங்கே எழுதிக்கொண்டார்கள். வேகமாக வந்திருக்க மாட்டான். அவன் அப்படிப்பட்டவன் இல்லை.

சும்மா காலை உடைத்துக்கொள்வான், பயணம் தள்ளிப்போகும் என்று நினைத்துச் செய்தேன் என்று நேற்று உங்களிடம் சொன்னேன். அதைத் திருத்திக்கொள்கிறேன். என் மேஜை இழுப்பறையில் எண்பது வரை காட்டும் மீட்டர் ஒன்றும் இருந்தது. அதன் இயந்திரத்தை வைத்திருந்தால் டயரில் இருபத்தாறு இருந்திருக்கும். ஜீப் கொஞ்சம் இழுக்கும், அவ்வளவுதான். இரண்டையும் மேஜைமேல் வைத்துப் பார்த்துவிட்டு அறுபதை எடுத்தேன்.

லின்சியை வீட்டுக்கு அழைத்து வந்தேன். முதல் மாதம் அவள் ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"முப்பத்துமூணு வெச்சேனுங்கப்பா. முள்ள நல்லாத்தான் பாத்தேன். பாத்தேன்தானுங்களே?"

"மனுசக் கண்ணுதானே அம்மணி. தப்பிப் போகும். அதையே நெனைக்காதே."

பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். வேலைக்குப் போகவில்லை. அவன் வீட்டார் முகத்தில் விழிக்கப் பயந்தாள். தெருமுனைக் கடைக்குப் போவதாக இருந்தாலும் என்னைக் கேட்டாள். மூன்று வேளையும் நான்தான் தட்டில் போட்டுக் கொடுத்தேன். சாப்பிட்டாள். வீடு பழையபடி ஆனது. எட்டு மாதம் நன்றாகத்தான் இருந்தோம்.

கம்ப்ரெஸர் ஜீப் சாமான்களோடு வீட்டுக்கு வந்திருந்தது. நான் அதைத் தூக்கிப்போடவில்லை. இப்போது உங்கள் மேஜைமேல் இருக்கிறது. சோதித்துப் பாருங்கள். மீட்டரில் கோளாறு என்று எழுதாதீர்கள். அதில் கோளாறு ஒன்றும் இல்லை. ரசாக்கையும் கூப்பிட்டு விசாரிக்க வேண்டாம். அவன் நல்ல சாமானைத்தான் கொடுத்தான்.

எட்டு மாதம் சும்மா இருந்துவிட்டு இப்போது எதற்கு வந்தீர்கள் என்றீர்கள். கேட்டதில் அது ஒன்றுதான் கேட்க வேண்டிய கேள்வி.

போன மாதம் நியூசிலாந்திலிருந்து ஜேக்கின் அக்கா போன் செய்தாள். வெகு நேரம் பேசினார்கள். கதவு சாத்தியிருந்தது. "உம்மேல ஒரு தப்புமில்ல, நீ இங்க வந்துரு" என்று அவள் சொல்லியிருக்க வேண்டும். லின்சி அழுதாள். பிறகு, "சரிங்க அண்ணி, நா வாரேனுங்க" என்றாள். மறுநாள் தலைக்குக் குளித்து, தானே தோசை சுட்டுச் சாப்பிட்டாள். என்னிடம் கேட்காமல் வெளியே போய்விட்டு வந்தாள். பத்தொன்பதாம் தேதி விமானம். இன்று பதினொன்று.

அவள் தன்மேல் பழியைச் சுமந்துகொண்டு போகக் கூடாது. தகப்பனாக அதைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை. டயருக்குக் காற்றடித்தது அவள் கை, ஆனால் கொன்றது நான் என்று அவளுக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தான் வந்தேன். வேறு நோக்கம் இல்லை.

இந்த வழக்கில் அவள்தான் முக்கியமான சாட்சி. மீட்டரைப் பார்த்தவள், காற்றடித்தவள், உள்ளே உட்கார்ந்திருந்தவள். வழக்கு முடியும்வரை அவள் ஊரில் இருந்தாக வேண்டும் என்று நினைக்கிறேன். நீங்கள்தான் அதற்கு ஏற்பாடு செய்ய வேண்டும். அவள் பாஸ்போர்ட் பீரோவில் இரண்டாவது தட்டில், சேலைகளுக்கு அடியில் இருக்கிறது. இப்படிப்பட்ட வழக்குகள் ஏழெட்டு வருடம் நடக்கும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன்.

கோர்ட்டுக்கு வருகிற நாட்களில் அவள் என்னைப் பார்த்துவிட்டுப் போகலாம். வீட்டிலிருந்து ஒரே பஸ்தான்.