ஒத்திகையில் திரும்பிப்போன விண்ணப்பம்

என் பெயரும் விலாசமும் மேலே இன்ஸ்பெக்டர் ஐயா குறித்துக்கொண்டபடி சரியே. வயது முப்பத்தொன்று. வேலை விசாவுக்கு விண்ணப்பிக்க உதவும் மென்பொருள் செய்கிற புதுக் கம்பெனி ஒன்றில், அந்த மென்பொருளைப் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். முதலாளி என்னைவிட இளையவர். பெயர் சொல்லிக் கூப்பிடச் சொல்வார், கூப்பிட்டால் முகம் சுருங்கும்.

சென்ற திங்கட்கிழமை எங்கள் கம்பெனியில் முதலீடு செய்ய இரண்டு பேர் வந்தார்கள். இப்படி வருகிறவர்களுக்குக் காட்டவென்றே பொய் விவரங்கள் போட்ட ஒத்திகைக் கணக்கு எங்களிடம் உண்டு. அதில் உயிரில்லை என்று முதலாளி எப்போதும் நிஜ வாடிக்கையாளரின் கணக்கைத்தான் திறந்து காட்டுவார். வேண்டாம் என்று நான் சொன்னதெல்லாம் செவிடன் காதில் ஊதிய சங்கு. அன்று ஒரு வெல்டரின் விண்ணப்பத்தைத் திறந்தார். அவருக்கு விசா அனுமதியாகி, பாஸ்போர்ட்டில் ஒட்டுவது மட்டும் பாக்கி. வந்தவர்களில் ஒருவர், விண்ணப்பத்தைத் திரும்பப் பெறவும் வசதி உண்டா என்று கேட்டார். "ஒரே தட்டுதான் சார், பாருங்க" என்று முதலாளி தட்டினார். திரும்பப் பெறும் கோரிக்கை நிஜமாகவே விசா அலுவலகத்துக்குப் போய்விட்டது. வந்தவர்கள் கைதட்டினார்கள்.

அதன் பிறகு விசா ரத்தான செய்தி வெல்டருக்குப் போய், அவர் மறுநாள் வேலைத்தலத்திலிருந்து நேராக எங்கள் அலுவலகத்துக்கு வந்து, கால்மிதியில் பூட்ஸைத் துடைத்துவிட்டு, பையைத் தரையில் வைத்து, முதலாளிக்கு எதிரே உட்கார்ந்தார். "தம்பி, எனக்கு வேணாம்னு நான் சொல்லலியே. யாரு சொன்னது?" என்று கேட்டார். சிஸ்டம் பிரச்சினை என்றார் முதலாளி. "அப்ப அந்த சிஸ்டத்தக் கூப்பிடுங்க, நான் பேசிக்கிறேன்" என்றார் வெல்டர். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "சிஸ்டம் இல்லண்ணே, இவருதான் தட்டினாரு" என்று சொல்லிவிட்டேன். அதன் பிறகு, தட்டியவரே அதை எழுதிக் கொடுத்தால்தான் எழுந்திருப்பேன் என்று அவர் உட்கார்ந்துவிட்டார். முதலாளி உள்ளறைக்குப் போய் போலீசுக்குப் போன் செய்தார். ஸ்டேஷனிலிருந்து வந்தவர்கள் அவரை விசாரித்து அனுப்பிவிட்டார்கள்.

ஆயுதத்துடன் வந்து மிரட்டியதாகப் புகாரில் இருப்பதை ஐயா வாசித்துக் காட்டினார்கள். அது பையில் இருந்த சுத்தியல். அவர் அதை வெளியே எடுக்கவே இல்லை. வெல்டர் பையில் சுத்தியல் இல்லாமல் சீப்பும் பவுடருமா இருக்கும்? அவர் குரலை உயர்த்தவில்லை, யாரையும் தொடவில்லை. நான் இரண்டு மேசை தள்ளி இருந்து எல்லாவற்றையும் பார்த்தேன்.

வெளிநாட்டுக் கம்பெனி அவருக்காக வெள்ளிக்கிழமை வரை இடத்தை வைத்திருக்கிறது. அதற்குள் புது விண்ணப்பம் போயாக வேண்டும். நேற்று நானே பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு நிரப்பத் தொடங்கினேன். நடுவில், போலீஸ் வழக்கு ஏதும் உண்டா என்ற கேள்வி வந்தது. ஆமாம் என்றால் அடுத்த பக்கம் திறக்காது. அதைப் பலமுறை பரிசோதித்து, சரியாக வேலை செய்கிறது என்று சொன்னவளே நான்தான். அவர் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, "என்னம்மா போடட்டும்?" என்று கேட்டார். பொய் போடச் சொல்ல எனக்கு மனமில்லை. இந்தப் புகார் வழக்காகாமல், இல்லை என்பதே உண்மையாகட்டும் என்றுதான், யாரும் கூப்பிடாமல் இங்கே வந்தேன்.

எழுதியதை வாசிக்கக் கேட்டேன். நான் சொன்னபடியே இருக்கிறது, கூட்டவோ குறைக்கவோ ஒன்றுமில்லை.

(கையெழுத்து)