மடியில் இருந்த கை

டீ ஆறட்டும், ஐயா. எனக்கு அவசரமில்லை. அவசரக்குடுக்கை என்ற பெயரைத் துடைக்கப்போய்த்தானே இங்கே வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

ஏவுதளத்தில் என் வேலை சோம்பேறிகளுக்கென்றே செய்தது. ஒரு நாற்காலி, ஒரு திரை, ஒரு சிவப்புப் பொத்தான். ராணுவத்துக்காக நாங்கள் சோதித்த ராக்கெட் ஒழுங்காகப் போனால் வேடிக்கை பார்க்கலாம். ஆட்கள் இருக்கும் பக்கம் திரும்பினால் பொத்தானை அழுத்தி வானத்திலேயே வெடிக்க வைக்க வேண்டும். முதல் ராக்கெட் கிளம்பிய வேகத்தில் ஒரு காக்கை இறகெல்லாம் உதிர்ந்து, வீட்டுக்கு நடந்தே போனது என்று கேன்டீனில் சொல்வேன். ஒருவரும் நம்பியதில்லை. புளுகுணி என்றுதான் எனக்குப் பெயர்.

முதல் இரண்டையும் நான்தான் வெடிக்க வைத்தேன். எங்கள் இடத்தில் ஒரு வழக்கம் உண்டு: பொத்தானை அழுத்தியவன் டீ குடிக்கப் போனால் மேஜை காலியாகிவிடும். அதுகூடப் பரவாயில்லை. ராக்கெட்டைத் திருப்பும் கருவியைச் செய்தவர் என் மாப்பிள்ளை.

“கொஞ்சம் பொறுத்திருந்தா அதுவே திரும்பியிருக்கும் மாமா,” என்பார், தட்டைப் பார்த்தபடி.

என் மகள் அவருக்கு மேல். “எமனுக்குக்கூட இவ்வளவு அவசரம் கிடையாதுப்பா. இதுவும் போச்சுன்னா திட்டத்தையே மூடிடுவாங்க. இந்தத் தடவையாவது கையை மடியில வெச்சுக்கிட்டு சும்மா உட்காருங்க.”

“கழட்டி உங்கிட்டயே குடுத்துட்டுப் போறேன்மா.”

சிரித்தாள். மொட்டை மாடியிலிருந்து பார்ப்பதாகச் சொன்னாள்.

மூன்றாவது ராக்கெட் கிளம்பியது. அறையில் நான் மட்டும்தான். இன்னொரு ஆளை உட்கார வைக்க நாட்டுக்கு வசதி போதாது. திரையில் கோடு குடியிருப்புப் பக்கம் வளைந்தது. கை மடியில் இருந்தது. பொறுத்தேன்.

எங்கள் வரிசை வீடுகளின் மேல் விழுந்தது. மகள் காயப்போட்டிருந்த போர்வை வேலிக்கம்பியில் தொங்கியது. அதை வைத்துத்தான் எது எங்கள் வீடு என்று தெரிந்துகொண்டோம்.

பொத்தான் வேலை செய்யவில்லை என்றேன். நான் விட்ட புளுகுகளில் எல்லோரும் நம்பியது அது ஒன்றைத்தான். பொத்தானைப் பராமரிக்கும் எலக்ட்ரீசியனை நீங்கள் விசாரணைக்குப் பிடித்துப் போனீர்கள். என் கதைகளுக்குச் சிரிக்கிற ஒரே மனிதர். மாப்பிள்ளை என் தோளில் சாய்ந்து அழுதார். “நீங்க அழுத்தியிருப்பீங்க மாமா. எனக்குத் தெரியாதா?”

எலக்ட்ரீசியனை விட்டுவிடுங்கள், ஐயா. பொத்தானில் ஒரு குறையும் இல்லை. நான் அதைத் தொடவேயில்லை.

மாப்பிள்ளையிடம் மட்டும் ஒன்று சொல்லுங்கள். அவர் சொன்னது சரிதான். கடைசியில் கோடு கொஞ்சம் திரும்பத்தான் செய்தது. என் கண்ணால் பார்த்தேன்.