ஒரே எண், இரண்டு வோல்ட்மீட்டர்கள்

மேடையில் வீற்றிருக்கும் ஆய்வுக்கூட இயக்குநர் அவர்களே, சங்கப் பெரியவர்களே, கைவேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடிவந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அண்ணி அவர்களே! வணக்கம் சொல்லக்கூட இன்று எனக்கு வாய் வரவில்லை.

நம் பழுதுநீக்கும் பிரிவின் தலைவர் மீட்டர் அண்ணன் போய்விட்டார். தேறாது என்று எல்லோரும் கைவிட்ட மின்னலையைத் திரையில் காட்டும் பழைய ஆஸிலோஸ்கோப்புகளுக்கும் வோல்ட்மீட்டர்களுக்கும் உயிர் கொடுத்தவர் போய்விட்டார்! அவரிடம் திட்டு வாங்காதவர் இந்தக் கூடத்தில் யாராவது உண்டா? "மூடியைக் கழட்டாதடா, முதல்ல பின்பக்கம் பாரு!" அந்தக் குரல் இனி எங்கே கேட்கும்?

பழைய கருவியைக் கணினியோடு பேசவைக்கும் போர்டைச் சரிசெய்ய இரண்டு பேர் வேண்டும். ஒருவர் சர்க்யூட்டைத் தொட்டுப் பார்க்க வேண்டும். மற்றவர் அதே நொடியில் கணினியில் பட்டனைத் தட்டிக் கருவியிடம் அளவைக் கேட்க வேண்டும். அண்ணன் வேலையை வீட்டுக்குத் தூக்கிப்போவார். "இப்போ!" என்று கத்துவார். "நான் துணி தைக்கறதா, உங்க பெட்டிக்குப் பட்டன் தட்டறதா?" என்று அலுத்துக்கொண்டே அண்ணி தையல் மெஷினை விட்டு எழுந்து வருவார்.

கடைசியாக வந்த வோல்ட்மீட்டர் முகப்பில் அளவைச் சரியாகக் காட்டியது. கணினி கேட்டால் மட்டும் உளறியது. அண்ணன் போர்டிலிருந்த ஐசி சிப்பை மாற்றினார். உளறல் நிற்கவில்லை. "இது என்னைத் தோக்கடிச்சிடுச்சு" என்று அண்ணியிடம் சொன்னார். மறுநாளே மாரடைப்பு அவரைக் கொண்டுபோய்விட்டது.

நேற்று வீட்டில் அவர் மேசையைப் பார்த்தோம். ஐசியை மாற்றிய கையோடு, ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக நல்ல வோல்ட்மீட்டர் ஒன்றையும் அதே கேபிளில் மாட்டியிருந்தார். கணினி ஒவ்வொரு கருவியையும் அதன் எண்ணால்தான் கூப்பிடும். அந்த எண்ணை வைக்கும் குட்டி சுவிட்சுகள் பின்பக்கம் இருக்கும். பார்த்தால், இரண்டிலும் ஒரே எண்! ஒன்றைக் கூப்பிட்டால் இரண்டும் ஒன்றாக வாயைத் திறந்திருக்கின்றன. ஊருக்கெல்லாம் பின்பக்கம் பார்க்கச் சொன்னவர், தன் மேசையில் பார்க்கவில்லையே! எங்களில் ஒருவனாவது எட்டிப் பார்த்திருக்கக் கூடாதா?

ஒரு சுவிட்சை மாற்றினோம். அண்ணி பட்டனைத் தட்டினார். முதல் கேள்விக்கே பிசிறில்லாமல் பதில் வந்தது. ஐசியை மாற்றியபோதே அண்ணன் அதைச் சரிசெய்து முடித்திருக்கிறார்! அண்ணி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "இத அவர்கிட்ட யாரு சொல்லுவா?" என்றார்.

தோழர்களே, அண்ணனின் அலமாரியில் காத்திருக்கும் கருவிகள் அத்தனையும் இனி நம் பொறுப்பு. ஒன்றைக்கூடக் குப்பைக்கு அனுப்ப மாட்டோம். எவனையும் தனியாக உட்கார்ந்து மல்லுக்கட்டவும் விட மாட்டோம். இது அவர்மேல் ஆணை! அண்ணி, ஒவ்வொன்றும் தயாராகும்போது நீங்கள் வரவேண்டும். பட்டன் உங்களுடையது. "இப்போ!" என்று நாங்கள் கத்துவோம். அவர் குரலுக்கு மட்டும் எங்கே போவோம்?