காலையைப் போக்கும் கத்தி

பிள்ளைகளே, இன்று செங்கலடி பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு கூட்டாளிகள் இருந்தார்கள். ஒருவரின் கன்னத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"என்ன மச்சான், பூனை பிறாண்டினதா?"

"சவரக்கத்தி பழகிறன். நேத்து கத்திக்கு எண்ணெய் பூச மறந்திட்டன். வாவிக் காத்துக்குத் துருப்பிடிச்சு, கிழிச்சுப்போட்டுது."

"கடையில ரேசர் இல்லியாடா?"

"அது சுறுக்கா முடிஞ்சிரும். இதெண்டா தோல்வாரில தீட்டணும், நுரை போடணும், மறுகா துடைச்சு எண்ணெய் பூசணும்."

"ஆருக்குக் காட்ட இந்தச் சோக்கு? உன்ட பொஞ்சாதியும் குவைத்தில."

"அதுக்குத்தான்டா. காலமையில கொஞ்ச நேரமாவது போகுது."

மற்றவர் அவரின் கன்னத்துப் பஞ்சைச் சரியாக ஒட்டிவிட்டார்.

வீட்டுக்கு வந்தேன். நீங்களும் அம்மாவும் வெல்லாவெளிக்குப் போய் நின்றதால் வீட்டில் நான் மட்டும்தான். காலையில் மழித்த முகத்தையே நுரை பூசி, மெதுவாக இன்னொரு தடவை மழித்தேன்.